காற்று சரியில்லாத நாற்பது நாள்

என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். என் பேர் சந்தனம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் பெரிய ற போட வேண்டும், எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லியிருக்கிற விஷயத்தைத் திருத்தி எனக்கு நல்ல பேர் வாங்கித் தர வேண்டாம்.

இதை எழுதச் சொன்னது எங்கள் தெரு முத்துச்செல்வி. கடற்கரைப் பக்கம் போய்ப் படகு ஓட்டப் பழகி, உரிமம் வாங்கி வந்திருக்கிறாள். இந்த மழைக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அருப்புக்கோட்டைப் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் அதில் மோட்டார் படகு விடப்போகிறார். சவாரி மட்டும் இல்லையாம். பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். செல்விதான் ஓட்டுநர். அவளுக்கு மேலே இருந்து பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஏன் என்னை? அணையில் இருபத்தாறு வருடம் படகு ஓட்டியவன் என்பது ஒன்று. இன்னொன்று, நான் ஒரே ஒரு சத்தம் போட்டு ஒரு மனிதர் உயிரைக் காப்பாற்றியவன் என்று ஒரு கதை இந்தப் பக்கத்தில் உலவுகிறது. அந்தக் கதை கடைக்காரர் காதுக்கும் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் இந்தக் கண்மாய்ப் படகு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. என் தொழில் அப்படி.

கார்த்திகை மாதம் கண்மாயைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். படகு புதிது, வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அனுமதியெல்லாம் கையில இருக்கு அண்ணே" என்று ஒரு தாளை நீட்டினார். நாலு பேர் முன்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குக் கூச்சம். தாளை வாங்கிக்கொண்டு, கடைக்காரர் வந்த வேனுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் படித்தேன். மனு பெறப்பட்டது என்று எழுதி, அதன்மேல் முத்திரை குத்தியிருந்தது. அவ்வளவுதான். நம் பக்கத்தில் தாளில் முத்திரை விழுந்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சீலு இருக்குல்ல சித்தப்பா?" என்றாள்.

"சீலு இருக்கு. சரின்னு சொன்னது எங்கம்மா இருக்கு?"

அவள் இரண்டாவது தடவை படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். கடைக்காரரிடம் அவளே போய்ப் பேசினாள்.

தண்ணீரையும் நான் நம்பவில்லை. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. ஆனால் பத்து வருடமாகக் காய்ந்து கிடந்த கண்மாய் அது. அடியில் வெட்டிய சீமைக்கருவேல மரத்து மூடுகள், அடிக்கட்டைகள், நிற்கின்றன. எஞ்சின் விசிறி அதில் ஒன்றில் மாட்டினால் படகு நின்ற இடத்தில் நின்றுவிடும், உட்கார்ந்திருக்கிற பிள்ளை நிற்காது, முன்னால் போய் விழும். கோடையில் ஆடு மாட்டுக்காகக் கண்மாய்க்குள்ளேயே தோண்டிய ஊற்றுக் கிணறு இரண்டு இருந்தது என் நினைவில் இருக்கிறது. எந்த இடம் என்று இப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. மடை திறந்திருக்கிற நாளில் அந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும். செல்வியையும் மீன் குத்தகைக்காரரையும் பரிசலில் வைத்து நீளக் கம்பால் அடி அடியாகக் குத்திப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் ஆனது. மூடு இல்லாத இடமாகப் பார்த்து நாலு பக்கமும் மிதவை கட்டினார்கள். உண்மையான அனுமதி அதற்குப் பிறகுதான் வந்தது. அதையும் வேனுக்குப் பின்னால் போய்த்தான் படித்தேன்.

என் கதைக்கு வருகிறேன். பதினைந்து வயதில் அருப்புக்கோட்டையில் ஆயில் எஞ்சின் மெக்கானிக் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கிணறு கிணறாகப் போய் எஞ்சின் பிரிப்போம். கிணறுகள் வற்றின, எஞ்சின் வேலையும் வற்றியது. மலையடிவாரத்தில் ஓர் அணையில் படகுத்துறைக்கு எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். போனேன். மூன்று வருடம் எஞ்சின் துடைத்தேன், நங்கூரம் தூக்கினேன், பிறகு அதிகாரிகள் முன்னால் ஓட்டிக்காட்டி உரிமம் வாங்கினேன். பழகின காலம் அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் அந்தோணி மாஸ்டர். கடற்கரைக்காரர். கட்டையான ஆள், மெதுவாகப் பேசுவார், யாரையும் நம்ப மாட்டார். நம்பவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மாட்டார். பெட்ரோல் நிரப்பினேன் என்று சொன்னால் சரி என்பார், போய் டேங்கைத் தூக்கிப் பார்ப்பார். எஞ்சினை முடுக்குவதற்கு முன்னால் குனிந்து மோந்து பார்ப்பார். லைஃப் ஜாக்கெட் போட்டவர்களின் பின்னால் போய், இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குவார். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால், அவிழ்த்துவிட்டு வேறு அளவு மாட்டுவார். மந்திரியாக இருந்தாலும் தூக்குவார்.

நான் சேர்ந்த முதல் வாரம் என்னை நடு அணைக்குக் கூட்டிப்போய்க் குதிக்கச் சொன்னார். குதித்தேன். மேலே வந்ததும் ஐந்தாறு கை போட்டுப் படகைப் பிடித்துவிட்டேன். நன்றாக நீந்தினேன் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் போட்டுக்கு வந்தே?" என்றார்.

"வேற எங்க போக?" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு மல்லாந்து படுத்து, காலை மேலே தூக்கி, எஞ்சின் நின்ற படகு வந்து சேரும் வரைக்கும் சும்மா மிதக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அது சிரமமாக இருந்தது. எங்கள் ஊரில் நாங்கள் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். இடுப்பில் காலி கேனைக் கட்டி மேலே இருந்து போடுவார்கள். விழுந்தவன் மேலே வந்ததும் கிணற்று மேட்டில் நிற்கிற அத்தனை பேரும் "படியப் புடி, படியப் புடி" என்று கத்துவார்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல் படியைப் பிடித்தவன் பிழைத்தான். சும்மா மிதப்பது என்பது எங்கள் நீச்சலில் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் பத்துக் கையில் சுவர் வந்துவிடும்.

பிள்ளைகள் வகுப்பை மாஸ்டர்தான் ஆரம்பித்தார். வருகிறவர்களின் பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன் என்று அழுவதும், ஓட்டுநர்கள் மடியில் வைத்துக்கொண்டு பிடிக்க விடுவதும் நடந்துகொண்டிருந்தது. திருட்டுத்தனமாக நடப்பதற்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது மேல் என்று மேலே எழுதிக் கேட்டு, ஐந்து நாள் வகுப்பாக வைத்தார். பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். மிதவைக்கு வெளியே போகக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் படகில். உரிமம் உள்ள ஓட்டுநர் பக்கத்தில், கியர் கைக்கு எட்டுகிற இடத்தில் உட்கார வேண்டும். "சட்டப்படி ஓட்டுறது நீதான். பிள்ளை கை வச்சிருக்கும், அவ்வளவுதான். என்ன நடந்தாலும் உன் பேருதான் எழுதுவாங்க" என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

எஞ்சினில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. ஒரு முனை எஞ்சின் பொத்தானில் செருகியிருக்கும், மறு முனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டியிருக்கும். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். வகுப்பில் அந்தக் கயிற்றைப் பிள்ளையின் கையில்தான் கட்ட வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு. முதல் நாள் முழுக்கப் படகை ஓட்ட விட மாட்டோம். கரையில் கட்டிப்போட்டு, யாராவது விழுந்தால் கயிற்றைப் பிடுங்கு, பிடுங்கு என்று அதையே சொல்லிக்கொடுப்போம். "யாரு என்ன சொன்னாலும் கேக்காத. நானே சொன்னாலும் கேக்காத. மொதல்ல கயிறு" என்று சொல்ல வேண்டும். நானும் நூறு பிள்ளைகளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. பிள்ளைக்கு என்ன வயது, நீச்சல் தெரியுமா, வலிப்பு, மூச்சிரைப்பு ஏதாவது உண்டா என்று பெற்றவரிடம் கேட்பார். பிறகு பிள்ளையை மூன்று எட்டு தள்ளிக் கூட்டிப்போய், பெற்றவருக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, அதே கேள்வியைத் தணிந்த குரலில் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் படகு. வேறு வேறாக இருந்தால் திரும்பி வந்து, ஒருவரையும் குறை சொல்லாமல், "இன்னைக்குக் காத்து சரியில்லைங்க" என்பார். அவர்களும் அணையைப் பார்ப்பார்கள். ஓர் இலைகூட ஆடாது. ஆனாலும் காற்றோடு யார் சண்டை போட முடியும், போய்விடுவார்கள். எங்களுக்குள் அது ஒரு வழக்காகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட, இன்றைக்குக் காற்று சரியில்லை என்போம்.

இனி அந்த மே மாதத்து விஷயம். நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தறி முதலாளி குடும்பத்தோடு வந்து பக்கத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தார். மகள் பொன்மணிக்குப் படகு ஓட்டப் பழக வேண்டும். பன்னிரண்டு வயது, ஒல்லியான பிள்ளை, அதிகம் பேசாது. மாஸ்டர் அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்ததால் கேள்வி கேட்டது நான்.

"நீச்சலா? நாலு வயசுலயே இடுப்புல கேனைக் கட்டிக் கிணத்துல தூக்கிப் போட்டுட்டேன் தம்பி. நான் அவள விட நல்லா நீந்துவேன்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு உள்ளே இளகிவிட்டது. அணையில் வருடக்கணக்காக வேறு வேறு ஊர்ப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். திருச்சுழி என்றேன். அட நம்மாளு என்று தோளில் கை போட்டார். பிள்ளையை மூன்று எட்டு தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். அதுவும், கிணற்றில் நீந்துவேன் என்றது. இரண்டு பதிலும் ஒன்றுதான். கேள்விகளில் எந்தக் குறையும் இல்லை. கேட்டவனும் அதே கிணற்றுக்காரன் என்பதுதான் குறை.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் முதல் பெற்றவர் ஒருவர் கூட வரலாம். தறி முதலாளி அண்ணாச்சி வந்தார். படகின் பின் பகுதியில் உட்கார்ந்தார். பாதி வழியில் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றிவிட்டார், புதுச் சட்டை கசங்குகிறதாம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். வேறு ஊர்க்காரராக இருந்தால் படகை நிறுத்தியிருப்பேன். நம் ஊர்ப் பெரிய மனிதர், மகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று கூச்சம். கூச்சம் என்று எழுதினால் சாதுவான வார்த்தையாகத் தெரிகிறது. அன்றைக்கு அது வேலைத் தப்பு.

பொன்மணி மூன்றாவது மிதவையைச் சுற்றி வலது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். மெதுவான வேகம்தான். அண்ணாச்சி மகளைப் போட்டோ எடுக்க எழுந்து நின்றார். தூரத்தில் போன சவாரிப் படகின் அலை வந்து எங்கள் படகின் விலாவில் அடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் தண்ணீரில் இருந்தார். ஜாக்கெட் தலை வழியாகக் கழன்று தனியாக மிதந்தது.

அவர் மேலே வந்தார். படகிலிருந்து பதினைந்து அடி தூரம் இருக்கும். தலையை உதறிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்து வேகமாக நீந்த ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"அண்ணாச்சி, போட்டப் புடிங்க! போட்டப் புடிங்க!"

படிக்கிறவர்களுக்கு இது சரியான பேச்சாகத் தெரியலாம். படகு வலது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. திரும்புகிற படகின் பின்பக்கம் வெளியே வீசும். அவர் பிடிக்க வருவது அந்தப் பின்பக்கத்தை. அங்கேதான் எஞ்சின் தொங்குகிறது, தண்ணீருக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அவரை விசிறிக்குக் கூப்பிட்டேன். கியர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எனக்குக் கியர் நினைவே இல்லை. அவர் கை படகைத் தொட்டுவிடாதா என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்று மேட்டில் நின்று கத்துகிற மாதிரியே கத்தினேன்.

திடீரென்று சத்தம் நின்றது. எனக்கு முதலில் என்ன ஆனது என்றே புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பொன்மணி ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு தொங்கியது. அதே நேரம் அண்ணாச்சி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற எஞ்சினின் காலையே கட்டிப்பிடித்தார். அவர் கால் கட்டை விரல் விசிறியில் பட்டது. விசிறி அப்போதுதான் கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்ந்திருந்தது. விரலில் நகத்தால் கீறினாற்போல ஒரு கோடு விழுந்தது. இன்னும் இரண்டு விநாடி சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத மாட்டேன். எஞ்சின் வேலை பார்த்தவனுக்கு அது தெரியும்.

அவரை இழுத்துப் போட்டேன். மூச்சு வந்ததும் அவர் முதலில் பேசியது மகளிடம்தான்.

"ஏ புள்ள, அப்பன் தண்ணிக்குள்ள கெடக்கேன், நீ வண்டிய ஆப் பண்ணிட்டு ஒக்காந்திருக்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நேரம் நான் ஒரு வாக்கியம் பேசியிருக்க வேண்டும். நான் என் துண்டைக் கிழித்து அவர் விரலில் கட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கட்டினேன்.

கரையில் மற்ற ஓட்டுநர்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு என் குரல் கேட்டிருக்கிறது, வார்த்தை கேட்கவில்லை. குரல் கேட்டதும் எஞ்சின் நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். சந்தனம் போட்ட சத்தத்தில் பிள்ளை கயிற்றைப் பிடுங்கிவிட்டது, இல்லாவிட்டால் ஆள் போயிருப்பார் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அப்போதுதான் விசிறி விஷயம் புரிந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சப்படுகிறவன் பேசாமல் நின்றால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாஸ்டர் வந்தார். என்னை மூன்று எட்டு தள்ளிக் கூட்டிப்போய் என்ன நடந்தது என்று கேட்டார்.

"கயித்த இழுன்னு சொன்னேன் மாஸ்டர். புள்ள இழுத்துருச்சு" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துக் கேட்டார். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக இன்னும் நினைவிருக்கிறது.

"அவுக போட்டப் புடிங்கன்னு எங்கப்பாவக் கூப்புட்டாக. நான் கயித்தப் புடுங்கிட்டேன்."

"அவர் சொல்லாம ஏன் புடுங்குனே?"

"அவுகதான் சொல்லிக் குடுத்தாக. நானே சொன்னாலும் கேக்காத, மொதல்ல கயிறுன்னு."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன் என்றுதான் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தார். அணையைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் தோளைத் தட்டி, மெதுவாக, "இன்னைக்குக் காத்து சரியில்ல தம்பி" என்றார். படகுச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

மறுநாள் காலையில் போனேன். காற்று சரியில்லை என்றார். அதற்கு அடுத்த நாளும். லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக் காயப்போடுகிற வேலை கொடுத்தார். என்னைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் நான் உயிரைக் காப்பாற்றிய களைப்பில் இருக்கிறேன் என்று நினைத்து டீ வாங்கித் தந்தார்கள். பொன்மணி மீதி இரண்டு நாளும் மாஸ்டரோடு ஓட்டினாள். கடைசி நாள் ஜாக்கெட்டைத் திருப்பித் தர என்னிடம் வந்தாள்.

"மாமா, காத்து எப்பச் சரியாகும்?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

"தெரியலம்மா" என்றேன்.

இருபது நாள் போல ஆனதும் நானே மாஸ்டரிடம் போய், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் பெட்டியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேர் எழுதி, கீழே ஒரே வரி. கிணற்று ஆள், பயந்தால் சுவரைத் தேடுவான் என்று இருந்தது.

அத்தனை வருடமும் அவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் எப்படிப் புள்ளைகளோட அனுப்புனீங்க?"

"அதனாலதான் கயிறு பிள்ளை கையில இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. வகுப்பின் இரண்டாம் நாள், ஒருவன் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நங்கூரமிட்ட படகின் பக்கத்தில் குதிக்க வேண்டும். எஞ்சின் ஓடட்டும், கியர் போட வேண்டாம். குதித்தவன் தண்ணீரில் இருந்துகொண்டு தப்புத் தப்பாகக் கத்த வேண்டும். எஞ்சினை நிறுத்தாதே, இந்தப் பக்கம் திருப்பு, என்னைப் பிடி, நான் சொல்கிறேன் அல்லவா என்று அதட்ட வேண்டும், கெஞ்ச வேண்டும். பிள்ளை எதையும் கேட்காமல் கயிற்றைப் பிடுங்கினால்தான் மூன்றாம் நாள். மாஸ்டரிடம் சொன்னேன். யார் குதிப்பது என்று கேட்டார். நான்தான் என்றேன். நாற்பதாம் நாள் காலையில் அணையில் நிஜமாகவே காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் சாவியைக் கொடுத்தார்.

காது மந்தமாகி ஐம்பத்திரண்டு வயதில் என்னை வீட்டுக்கு அனுப்பும் வரைக்கும் அந்தக் குதி குதித்தேன். ஒன்று கவனித்தேன். பெரியவர்கள் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கிற நல்ல பிள்ளைகள்தான் அதிகம் தோற்றார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சரிங்க சார் என்று திருப்பினார்கள். மூன்று தடவை, நாலு தடவை ஆனது. ஒரு பையன் முதல் தடவையே கயிற்றைப் பிடுங்கிவிட்டு, "போய்யா" என்றான். அவனை மாஸ்டர் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் அந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரே சத்தத்தில் என் உயிரைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று காட்டினார். பொன்மணியைப் பற்றிக் கேட்டேன். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாளாம். அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. திருச்சுழி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். கடைக்காரர் காதுக்குக் கதை போனது அந்த வழியாகத்தான். ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டிய பேரை இத்தனை வருடம் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அப்பாவிடம் திட்டு வாங்கியது மட்டும் அவளிடம் இருக்கிறது.

செல்வி, பொங்கல் கழிந்த ஞாயிறு வகுப்பு என்று சொன்னாய். வரப்போகிற பிள்ளைகள் எல்லோரும் கிணற்றுப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படித்தான். நீயும் அப்படித்தான். நீச்சல் தெரியுமா என்று கேட்டு, தெரியும் என்று அவர்கள் சொன்னால் நம்பாதே. சுவர் இல்லாத தண்ணீரில் கால் மணி நேரம் சும்மா மிதக்கச் சொல்லிப் பார். கயிற்றைப் பிள்ளை கையில் கட்டு. பெரிய மனிதர் ஜாக்கெட்டைக் கழற்றினால் படகை நிறுத்து, அவர் யாராக இருந்தாலும் சரி.

இதை நீ கடைக்காரரிடமும் படித்துக் காட்டு. படித்த பிறகும் என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் ஒரு வேலைக்கு மட்டும் வருகிறேன். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கண்மாயில் குதித்துத் தப்புத் தப்பாகக் கத்துவேன். அது எனக்கு நன்றாக வரும். வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும் வருத்தமில்லை, வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடு. காற்று சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. எனக்குப் புரிந்துவிடும்.

மார்கழி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.